பழைய பாம்பன் தூக்குப்பாலத்தைப் பாம்பனிலேயே வையுங்கள்: தென்னக ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தென்னக ரயில்வே அதிகாரிகளுக்கு வணக்கம்.

நீலகிரி மாவட்டம் கூடலூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ரயில் இல்லை, கடலும் இல்லை. தேயிலையும் மழையும்தான். மலையில் இருப்பவளுக்குப் பாம்பன் பாலத்தில் என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. பச்சை பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. மூடியில் வெள்ளை எழுத்தில் என் தாத்தாவின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். 1973ல் அந்தப் பெட்டி இலங்கைத் தேயிலை மலையில் இருக்கும் ஹட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, உங்கள் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. கூடவே என் தாத்தா, அப்பாயி, ஏழு வயதில் என் அப்பா. அந்த உறவில்தான் இந்த மடல்.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த பிறகு, அப்பாவை ராமேஸ்வரத்துக்கு அழைத்துப் போனேன். மண்டபம் தாண்டி ரயில் மெதுவாகக் கடலுக்குள் இறங்கியதும் பெட்டியில் இருந்த எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். அப்பா மட்டும் போனை எடுக்கவில்லை. பக்கத்திலேயே துருவேறி நிற்கும் பழைய பாலத்தைப் பார்த்தபடி இருந்தார். தூக்குப்பாலம் வந்தபோது, "அதோ, அதுல வரும்போதுதான் எங்க அம்மா அழுகைய நிறுத்துச்சு" என்றார். அதற்கு முன்னால் அவர் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

பழைய பாலத்தைக் கழற்றி எடுக்கும் பேச்சு நடக்கிறது. அதைப் பற்றித்தான் உங்களிடம் ஒரு கோரிக்கை. கோரிக்கை சின்னதுதான். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால், அந்தப் பாலம் எதன் நடுவில் நிற்கிறது என்று கொஞ்சம் பேசிவிட வேண்டும்.

பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் 1914 பிப்ரவரி 24ல் இருந்து தொடங்குவார்கள். நான் தூத்துக்குடியில் இருந்து தொடங்குகிறேன். சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்களுக்கு முதலில் அதுதான் வழி. 1876ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. ரயிலில் வந்து இறங்கி, கடலில் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குச் சிறு படகில் போக வேண்டும். துறைமுகத்தில் அவ்வளவுதான் ஆழம். அப்புறம் கொழும்பு. படகு, கப்பல், தபால் எல்லாம் சேர்ந்துதான் அந்த ரயிலுக்குப் 'போட் மெயில்' என்று பெயர் வந்தது. இன்றைக்கும் எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் உங்கள் வண்டியை மக்கள் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். கப்பல் நின்று நாற்பது வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தூத்துக்குடி–கொழும்பு வழியில்தான் வ.உ.சி. 1906ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் இலவசமாகக் கொடுத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். 1908ல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். 1911ல் கம்பெனி கலைந்தது. கப்பலுக்கு ஆசைப்பட்டதற்காக ஒரு மனிதர் செக்கிழுத்த கடல் வழி அது. அதே 1911ல், கொஞ்சம் வடக்கே பாம்பன் ஜலசந்தியில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி பால வேலையைத் தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கடல் வழியில் எது நடந்தாலும் யாருக்காவது லாபமும் யாருக்காவது இழப்பும் இருந்தது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1914ல் பாலம் திறந்ததும் வழி மாறியது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில். அங்கே துறைமேடை வரைக்கும் தண்டவாளம் போகும். இறங்கி நடந்தால் கப்பல். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல் தூரம் இருபத்திச் சொச்சம் மைல்தான். தலைமன்னார் துறையில் இலங்கை ரயில் தயாராக நிற்கும். மறுபடி ஏறினால் கொழும்பு கோட்டை. எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்பு வரை செல்லும். கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று கப்பல்களுக்கு வைஸ்ராய்கள் பெயர். பிற்பாடு இர்வின், கோஷென். எங்கள் வீட்டார் வந்த காலத்தில் ஓடியது ராமானுஜம். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அப்பாயி, "ராமானுஜம் கப்ப" என்று ஏதோ சொந்தக்காரர் ஒருவரைச் சொல்வது போலத்தான் சொல்லும்.

பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கடலில் வரிசையாக 145 கண்கள், அதாவது தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளிகள். நடுவில் கப்பல் போக வழிவிடும் தூக்குப்பாலம், ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி செய்தது. இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசை. நான் பொறியியல் படித்தவள் இல்லை, ஆனால் ஏற்றம் இறைத்ததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஏற்றத்தின் மறுமுனையில் கல்லைக் கட்டியிருப்பார்கள், அதனால் நீர் நிறைந்த வாளியை ஒரு ஆள் தூக்கிவிட முடியும். தூக்குப்பாலத்திலும் அதே கதைதான். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு இரும்புச் சிறகு. ஒவ்வொன்றின் பின்னாலும் எடைக்கு எடை. சிறகின் அடிப்பாகம் வளைந்திருக்கும், அது தட்டையான தடத்தில் உருண்டு பின்னால் சாயும்போது சிறகு மேலே எழும்பும். கரெண்டு இல்லை, மோட்டார் இல்லை. ரயில்வே ஊழியர்கள் கம்பிகளைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்து பல்சக்கரங்களை உருட்டுவார்கள். நூறு வருஷத்துக்கு மேல் பாம்பனில் கப்பல்களுக்கு வழி திறந்தது மனிதர்களின் தோளும் காலும். உப்புக் காற்றில், வெயிலில், கீழே கடல் ஓடிக்கொண்டிருக்க. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். கப்பலுக்காகச் சுற்றுகிறவர்களுக்கு அந்தக் காற்று எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

இந்த ஒரு பொருளுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 145 கண்களும் வேண்டும் என்று கேட்க நான் வரவில்லை. அவற்றை அப்படியே கடலில் விட்டுவைத்தால், அடுத்த பெரும் புயலில் உடைந்து புதிய பாலத்தின் மேலேயே போய் மோதக்கூடும் என்கிற பயம் நியாயமானது. இப்போது இரண்டு பாலங்களும் ஒரே கால்வாயின் குறுக்கே நிற்கின்றன. கப்பல் வரும்போது இரண்டும் வழிவிட வேண்டும். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. தூக்குப்பாலத்தின் இரண்டு சிறகுகளை மட்டும் கேட்கிறேன்.

சரி, 1964க்கு வருகிறேன்.

அந்த வருஷம் அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் நாடில்லாமல் இருந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம். அவர்களைப் பாட்டன் முப்பாட்டன் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் கூட்டிப்போன பாதையிலேயே திருப்பி அனுப்புவதற்கு ஏற்பாடு. ஒப்பந்தத்தின் மை காய்ந்து எட்டு வாரம் கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. தனுஷ்கோடியில் ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்கம், பள்ளிக்கூடம், துறைமேடை எல்லாம் போயிற்று. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் வண்டியை, ஊருக்குக் கிட்டே வந்த நிலையில் கடல் எடுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள். உங்கள் ஊழியர்கள் ஐந்து பேர். இரண்டு நாட்டையும் சேர்த்த வாசலின் ஒரு கதவு அன்றோடு இல்லாமல் போனது.

பாம்பன் பாலத்தில் 126 கண்களின் கர்டர்களை, அதாவது தூண்களின் மேல் கிடக்கும் இரும்பு உத்திரங்களைப் புயல் பிடுங்கிப் போட்டது. தூக்குப்பாலம் மட்டும் அசையவில்லை. அதைச் சரிசெய்ய அப்போது உங்கள் ரயில்வேயில் இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனை அனுப்பினார்கள். ஆறு மாதம் என்று இலக்கு வைத்து, அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். அவர் 46 நாளில் முடித்தார். கடலுக்கு அடியில் எங்கோ போய்க் கிடந்த கர்டர்களை இடம் காட்டியவர்கள் மீனவர்கள். பிடுங்கி எறியப்பட்ட கர்டர்களைத் தேடியெடுத்து மறுபடி தூண்களின் மேல் ஏற்றினார்கள். அதாவது இன்று நீங்கள் கழற்றப் போகும் இரும்பில் ஒரு பகுதி, ஒரு முறை கடலின் அடிக்குப் போய்த் திரும்பி வந்த இரும்பு.

ஸ்ரீதரன் பெயர் எல்லோருக்கும் தெரியும், தெரியவும் வேண்டும். ஆனால் அந்த 46 நாளில் படகில் கயிறும் கையுமாக நின்ற பாம்பன், தங்கச்சிமடம் மீனவர்களின் பெயர் ஒரு பலகையிலாவது எழுதப்பட வேண்டாமா? அந்த வயதுக்காரர்கள் ஒருவர் இருவர் இன்னும் இருக்கக்கூடும். வருஷம் போகப் போக இருக்க மாட்டார்கள்.

தனுஷ்கோடி போன பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வரத் தொடங்கியது. எங்கள் வீட்டார் வந்தது அப்படித்தான். இலங்கை மலையகத்தில் அந்த ரயிலை 'அழுகைக் கோச்சி' என்பார்கள். கோச்சி என்றால் அங்கே ரயில். தோட்டத்திலிருந்து போகிறவர்கள் பெட்டிக்குள் அழ, இருக்கிறவர்கள் நடைமேடையில் அழ, வண்டி கிளம்பும். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருந்த அக்காளும் தங்கையும் பிரிந்தார்கள். அக்காளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது, தங்கைக்கு இந்திய பாஸ்போர்ட். அந்தத் தங்கைதான் என் அப்பாயி. ஹட்டனிலிருந்து பொல்காவலை, அங்கே வண்டி மாறி அனுராதபுரம், மதவாச்சி, தலைமன்னார். அப்பாயி வாழ்நாளில் பார்த்த முதல் கடல் அதுதான். "கொழுந்துக் காடு மாதிரியே அலை அலையா இருந்துச்சு" என்று சொல்லும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்திரா காந்தி பெயரில் இருக்கும் சாலைப் பாலத்துக்கு 1974ல்தான் அடிக்கல் நாட்டினார்கள். அது திறந்தது 1988 அக்டோபர் 2. அதுவரை ராமேஸ்வரம் தீவில் இறங்கிய எவரும் மறுகரைக்கு வர ரயிலை விட்டால் படகுதான். தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கம் பெயர் வைத்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் கப்பலில் வந்தவர்கள், பெட்டியும் பாயும் குழந்தைகளுமாக, இந்தப் பாலத்தின் மேல்தான் வந்தார்கள். கடல் கடந்து வந்தவர்களுக்கு இந்தியா என்ற பெருநிலம் தொடங்கியது பாம்பன் பாலத்தின் மேற்கு முனையில். அங்கே மண்டபம் முகாம். முதலில் சிலோனுக்குப் போகிற கூலிகளை நோய் இருக்கிறதா என்று சோதிக்க வைத்திருந்த இடம். திரும்பி வந்தவர்களையும் அங்கேதான் உட்கார வைத்தார்கள். அதன் பிறகு போரில் தப்பி வந்த ஈழத் தமிழ் அகதிகளையும். ஒரே முகாம், மூன்று தலைமுறை.

என் அப்பாயிக்குப் பாலத்தில் அழுகை நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை என்று அப்பா சொன்னார். பயந்துபோய் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டதாம், அவ்வளவுதான். கீழே பார்த்தால் தண்ணீர், பக்கத்தில் பார்த்தால் கைப்பிடி கூட இல்லாத பாலம். தூக்குப்பாலத்துக்குள் வண்டி நுழைந்தபோது மட்டும் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டங்கள் எழுந்து வந்தன. வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்ததாம். அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பொட்டலத்தைப் பிரித்துச் சோறு கொடுத்திருக்கிறது.

ஒரு பாலத்தின் சாதனைப் பட்டியலில் இது வராது. நீளம், எடை, வருஷம், செலவு வரும். ஆனால் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் சிறுவனாக இருந்தபோது, இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போன இதே ரயிலிலிருந்து வீசி எறிந்த பேப்பர் கட்டுகளைப் பொறுக்கி விற்றது இன்றைக்கு நாடறிந்த கதை. அவர் குடியரசுத் தலைவர் ஆனதால் அந்தக் கதை நமக்குத் தெரியும். என் அப்பாயி மாதிரி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர்களின் கதைகளும் அதே தண்டவாளத்தில்தான் வந்தன.

வானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடல் மேலே விமானங்களும் சீக்கிரமே வந்துவிட்டன. 1935 நவம்பரில் சென்னை ஃப்ளையிங் கிளப்பின் சின்ன விமானம் ஒன்று கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானையில் இறங்கியது. அந்த ஓடுதளத்தில் இறங்கிய முதல் விமானம் அது. 1947 டிசம்பர் 10ல் ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் வைத்தது. 'சீதா தேவி' என்று பெயரிட்ட டகோட்டா விமானம். யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறையை ஒட்டி, உலகப் போருக்காகக் கட்டிய பலாலி ஓடுதளம் அப்படித்தான் பயணிகளுக்குத் திறந்தது. பிறகு அது உள்நாட்டுப் போரில் பல பத்தாண்டுகள் ராணுவத்தின் கையில் இருந்து, 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக மறுபடி திறந்தது. இப்போது சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நல்லது. ஆனால் விமானத்தில் ட்ரங்குப் பெட்டி ஏறாது. கடல் வழி எங்களைப் போன்றவர்களின் வழியாக இருந்ததற்கு அது ஒரு காரணம்.

80களில் போர் மூண்டதும் ராமானுஜம் கப்பல் நின்றது. 1990ல் தலைமன்னார் ரயிலும் நின்றது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் திரும்பி வருகிறது. யாழ்ப்பாணத்துக்கு 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் வந்தது. 2015 மார்ச் 14ல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது, நம் பிரதமரே போய்க் கொடியசைத்தார். பாதையைப் போட்டதும் நம் நாட்டு இர்கான் நிறுவனம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' கப்பல் போனது, சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' மறுபடி தொடங்கியது. ராமேஸ்வரம் வரை உங்கள் ரயில் இருக்கிறது. தலைமன்னார் துறை வரை அவர்கள் ரயில் இருக்கிறது. நடுவில் இருபத்திச் சொச்சம் மைல் கடலில் மட்டும் கப்பல் இல்லை. அது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். கப்பல் விடுவது இரண்டு அரசாங்கங்களின் வேலை. ஆனால் அந்தக் கப்பல் ஒருநாள் வரும்போது, இறங்கி வருகிறவர்களுக்கும் ஏறப் போகிறவர்களுக்கும் இந்த வாசல் எப்படி இருந்தது என்று காட்ட ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

பழைய பாலத்தில் ரயில் நின்றது 2022 டிசம்பர் 23. தனுஷ்கோடிப் புயல் அடித்த இரவு விடிந்த அதே தேதி, 58 வருஷம் கழித்து. உப்பில் அரித்துப்போய்விட்டது, இனி தாங்காது என்று நிறுத்தினீர்கள். சரியான முடிவு. இரண்டு வருஷத்துக்கும் மேலாக ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லாமல், மண்டபத்தில் இறங்கிப் பஸ் பிடித்தார்கள் மக்கள். இப்போது புதிய பாலம் 2.08 கிலோமீட்டர், நடுவில் 72.5 மீட்டர் நீளத்தில் அப்படியே மேலே எழும்பும் தூக்கு, 17 மீட்டர் உயரம் வரை. இந்தியாவிலேயே இப்படி நேர் மேலாக எழும்பும் முதல் ரயில் பாலம். துருப் பிடிக்காமலிருக்க பாலிசிலாக்சேன் பூச்சு. நான் அதன் மேல் போய் வந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

இனி என் கோரிக்கை.

தூக்குப்பாலத்தின் இரண்டு சிறகுகளையும் பழைய இரும்பு விலைக்கு ஏலம் விட்டுவிடாதீர்கள். பெரம்பூர் அருங்காட்சியகத்துக்கோ திருச்சி பாரம்பரிய மையத்துக்கோ ஏற்றிக்கொண்டு போய்விடவும் வேண்டாம். அவை நல்ல இடங்கள்தான், என் பிள்ளைகளைப் பெரம்பூருக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். ஆனால் இந்தச் சிறகுகள் கடல் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். பாம்பன் கரையிலோ மண்டபம் கரையிலோ, ரயிலில் போகிறவர்கள் ஜன்னலிலிருந்து பார்க்கும்படி, இரண்டையும் எதிரெதிரே திறந்த நிலையில் நிறுத்துங்கள். ஸ்டேஷன் வாசலில் ஒரு துண்டை வெட்டிப் பீடத்தில் வைத்து பெயின்ட் அடிப்பது போதாது. இரண்டு சிறகும் எதிரெதிரே நின்றால்தான் நடுவில் கப்பல் போனது புரியும். ஒரு பக்கத்திலாவது பல்சக்கரங்களையும் சுற்றும் கம்பிகளையும் ஓடும் நிலையில் வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து சுற்றிப் பார்க்கட்டும். எத்தனை கனம் என்று அவர்கள் கைக்குத் தெரிய வேண்டும்.

பக்கத்தில் ஒரு கூடம். பெரிதாக வேண்டாம், ஒரு பழைய கூட்ஸ் ஷெட் போதும். 1951ல் தென்னிந்திய ரயில்வே உங்களோடு சேர்ந்தபோது அதன் கோப்புகளும் உங்களிடம்தான் வந்தன. எழும்பூரிலிருந்து கொழும்பு வரை செல்லும் அந்த ஒற்றை டிக்கெட், பழைய கால அட்டவணைகள், பாலத்தின் வரைபடங்கள் எதுவெல்லாம் உங்கள் அலமாரிகளில் இருக்கிறதோ, அதில் கொஞ்சத்தை அங்கே கொண்டு வாருங்கள். 653 வண்டியில் போனவர்களின் பெயர்களை, தெரிந்தவரைக்கும், அந்தச் சுவரில் எழுதுங்கள். முதலில் உங்கள் ஐந்து ஊழியர்களின் பெயர்களை எழுதுங்கள். தூக்குப்பாலத்தைச் சுற்றித் திறந்த ஊழியர்களில் ஓய்வு பெற்றவர்கள் பாம்பனிலும் மண்டபத்திலும் இருப்பார்கள். ஒரு ரெக்கார்டரோடு அவர்கள் வீட்டுக்கு ஒருவரை அனுப்புங்கள். அதற்கு டெண்டர் விடவும் வேண்டாம், மதுரையிலோ ராமநாதபுரத்திலோ கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

அந்தச் சுவரில் அழுகைக் கோச்சியும் இருக்க வேண்டும். நீலகிரியில், வால்பாறையில், திருச்சியில், கொடைக்கானல் மலையில் என்று அந்த ரயிலில் வந்தவர்களின் பிள்ளைகள் இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். குடும்ப அட்டைகள், பாஸ்போர்ட்டுகள், தோட்டத்தில் எடுத்த போட்டோக்கள் எல்லாம் தருவார்கள்.

ரயில்வேயின் வேலை ரயில் விடுவது, நினைவுச் சின்னம் கட்டுவது இல்லை என்று உங்களில் யாராவது சொல்லலாம். அதற்கு எங்கள் மாவட்டத்தையே காட்டுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பல்சக்கரத்தில் ஏறும் மலை ரயில் குன்னூருக்கு 1899லும் ஊட்டிக்கு 1908லும் வந்தது. வெறும் வரவு செலவைப் பார்த்திருந்தால் அதை எப்போதோ நிறுத்தியிருக்கலாம். நீங்கள் நிறுத்தவில்லை. உதிரிபாகம் கிடைக்காதபோது உங்கள் பணிமனையிலேயே செய்து ஓட்டினீர்கள். 2005ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இன்று அந்த வண்டியில் டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு. அதைக் காப்பாற்றிய கைகளிடம்தான் நான் இதைக் கேட்கிறேன்.

கழற்றுகிற வேலையைக் கொடுக்கும்போதே இந்த இரண்டு சிறகுகளையும் தனியாக, சேதம் இல்லாமல் இறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கேஸ் கட்டரால் துண்டு போட்ட பிறகு யார் வருத்தப்பட்டும் பயன் இல்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். தமிழ்நாடு தொல்லியல் துறையும் ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகமும் இடம் தர, கைகொடுக்க முன்வர வேண்டும் என்று அவர்களையும் இந்த மடல் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவிடம் பெட்டியைப் பற்றிப் பேசிவிட்டேன். முதலில் தரமாட்டேன் என்றார். இரண்டு நாள் கழித்து அவரே பரணில் ஏறி இறக்கி, துடைத்து, திண்ணையில் வைத்திருக்கிறார். மூடியில் எழுத்து இன்னும் படிக்கும்படி இருக்கிறது. கூடம் தயாரானதும் ஒரு வரி எழுதுங்கள். மேட்டுப்பாளையத்தில் ரயிலேற்றி நாங்களே கொண்டு வந்து தருகிறோம். கூட அப்பாவும் வருவார்.

அன்புடன்,
கூடலூரிலிருந்து,
ராமானுஜம் கப்பலில் வந்த ஒருத்தியின் பேத்தி